சென்ட்ஓஎஸ் 7-லிருந்து வாடிக்கையாளர்களை மாற்ற வேண்டும்: எப்போது, எப்படி, என்ன சொல்லி?

#1 வேர்ப்பயனர் | திங்கள், இரவு 10:40

வணக்கம். கொஞ்சம் வெட்கத்தோடுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன். எங்கள் ஹோஸ்டிங் நிறுவனத்தில் இன்னும் ஒரு சென்ட்ஓஎஸ் 7 (லினக்ஸ் இயங்குதளம்) சர்வர் ஓடிக்கொண்டிருக்கிறது. 2024 ஜூன் 30-ஓடு அதற்கு ஆதரவு முடிந்தது தெரியும். தெரிந்தே தள்ளிப்போட்டோம். அறுபத்துச் சொச்சம் வாடிக்கையாளர்கள். பாதிப்பேர் வேர்ட்பிரஸ், மீதி யாரோ எப்போதோ எழுதிக்கொடுத்துவிட்டுப் போன நிரல்கள். தளங்களை ஓட்டுகிற பிஎச்பி மொழியில் 5.6, 7.2, 7.4 எல்லாம் கலந்து கிடக்கிறது. டேட்டாபேஸுக்கு மரியாடிபி 5.5. ரீபூட் செய்து 900 நாளுக்கு மேல் ஆகிறது.

அதே ரெட்ஹேட் குடும்பத்து அல்மாலினக்ஸ் 9-க்குப் போவது என்று முடிவாகிவிட்டது. இருக்கிற சர்வரையே மேம்படுத்துவதா, புது சர்வர் எடுத்து எல்லோரையும் அங்கே கொண்டுபோவதா? எந்த நேரத்தில் செய்வது? வாடிக்கையாளர்களுக்கு எத்தனை நாள் முன்னால், என்னவென்று எழுதுவது? போன தடவை ஒரு சின்ன பராமரிப்புக்கு ஏழு நாள் முன்பே மடல் அனுப்பினோம். அப்படியும் பன்னிரண்டு பேர் "ஏன் முன்கூட்டிச் சொல்லவில்லை" என்று சண்டைக்கு வந்தார்கள்.

ஒருவர் மட்டும், "ஓடுகிற வண்டியை ஏன் நிறுத்துகிறீர்கள், என் தளத்தைத் தொடாதீர்கள்" என்று எழுதிவிட்டார். பிஎச்பி 5.6 வைத்திருப்பது அவர்தான்.

#2 நீலத்திரை | திங்கள், இரவு 11:15

அடிக்க வராதீர்கள், ஆனால் அந்த ஒருவர் சொல்வதை அப்படித் தள்ளிவிட முடியாது. 2024 ஜூலை 1-ல் ஓப்பன்எஸ்எஸ்எச்சில் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் மென்பொருள்) ரெக்ரெஷன் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது அடிவாங்கியது 8.5 முதல் 9.7 வரையான பதிப்புகள். சென்ட்ஓஎஸ் 7-ல் இருப்பது 7.4, அது தப்பித்தது. வேர்ப்பயனர் போகப்போகிற அல்மா 9-ல் இருப்பது 8.7, அது மாட்டியது. 2014-ல் வந்த ஹார்ட்பிளீட் ஓட்டையும் இதே கதைதான். மறையாக்க நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல்லில் 1.0.1-க்கு ஓடியவர்கள் தவித்தார்கள், பழைய 0.9.8-ஐ வைத்துக்கொண்டு சோம்பேறியாக இருந்தவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

மேம்படுத்தாதே என்று சொல்லவில்லை. "புதிது என்றால் பாதுகாப்பு" என்று வாடிக்கையாளரிடம் அளக்காதீர்கள் என்கிறேன்.

#3 பழைய_கன்சோல் | செவ்வாய், காலை 6:05

தம்பி சொன்ன இரண்டு தகவலும் சரி. அதிலிருந்து எடுத்த பாடம்தான் பாதி. ஹார்ட்பிளீட் வந்த 2014-ல் 0.9.8 பழையது, ஆனால் அனாதை இல்லை. அதில் ஓட்டை வந்திருந்தாலும் திருத்தம் வந்திருக்கும். ரெக்ரெஷன் வெளியான கையோடு அல்மாவுக்குத் திருத்தமும் வந்தது, பூட்டிக்கொண்டு போய்விட்டோம். சென்ட்ஓஎஸ் 7-ல் நாளைக்கு ஒன்று வந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள்? காசு கொடுத்து நீட்டித்த ஆதரவு வாங்கலாம்தான். அது, காலி செய்யச் சொன்ன வீட்டில் இன்னும் ரெண்டு மாசம் கேட்டு வாங்குவது மாதிரி.

வேர்ப்பயனர், அந்த 900 நாள்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. லைவ் பேட்ச் (இயங்குதளத்தின் மையமான கர்னலை ரீபூட் இல்லாமலே திருத்துவது) எதுவும் போடவில்லை என்றால் 900 நாள் பழைய கர்னல்தான் இப்போதும் ஓடுகிறது, எத்தனை அப்டேட் இறக்கியிருந்தாலும் சரி. நூலகங்களும் அப்படியே. ஓப்பன்எஸ்எஸ்எல்லை வட்டில் மாற்றினால் போதாது, அதை ஏற்கெனவே நினைவகத்தில் பிடித்துக்கொண்டிருக்கிற வலைத்தளம் தரும் அப்பாச்சியும் மடல் அனுப்பும் எக்ஸிமும் ரீஸ்டார்ட் ஆகும்வரை பழையதையே வைத்திருக்கும். எதையெல்லாம் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று காட்ட நீட்ஸ்-ரீஸ்டார்ட்டிங் என்று ஒரு கட்டளை இருக்கிறது, ஓட்டிப் பாருங்கள். பட்டியல் நீளும்.

அதைவிட மோசம், அந்த சர்வர் இப்போது ரீபூட் ஆனால் எழுந்திருக்குமா என்று யாருக்கும் தெரியாது. யாரோ ஒருநாள் அவசரத்துக்கு ஃபயர்வால் விதியைக் கையால் தட்டிவிட்டு, சேமிக்காமல் போயிருப்பார்கள். யாரோ ஒரு வட்டைக் கையால் மவுன்ட் செய்துவிட்டு (அதாவது இணைத்துவிட்டு), ரீபூட்டில் தானாக இணைக்க வேண்டியவற்றின் பட்டியலான எஃப்எஸ்டேபில் எழுத மறந்திருப்பார்கள். எனக்கு நடந்திருக்கிறது. ரீபூட் முடிந்து எழுந்த சர்வரில் மின்னஞ்சல் அடைவே காலி. வட்டு பத்திரமாகத்தான் இருந்தது, மவுன்ட்தான் இல்லை. அதைக் கண்டுபிடிக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. அந்த நாற்பது நிமிடத்தில் புது மடல்கள் வேறு அந்தக் காலி அடைவில் வந்து இறங்கிவிட்டன.

இருந்த இடத்தில் மேம்படுத்தும் யோசனையை விட்டுவிடுங்கள். அப்படி மேம்படுத்துகிற எலிவேட் கருவி 7-லிருந்து நேரே 9-க்குத் தாவாது. 8-க்குப் போய் அங்கிருந்து 9-க்குப் போக வேண்டும். இரண்டு தாண்டல், நடுவில் எங்கே காலை முறித்துக்கொண்டாலும் திரும்பி வர வழி கிடையாது. புது சர்வர் எடுத்தால் எதுவும் தப்பாகப் போனாலும் பழையது உயிரோடு இருக்கும்.

#4 இரவுப்பணி | செவ்வாய், காலை 7:30

நேரம் பற்றி மட்டும். இரவு 2 மணி என்று எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறோம். அந்த நேரத்தில்தான் பேக்கப் ஓடும், லாக் சுழற்சி ஓடும், வாடிக்கையாளர்கள் நேரம் குறித்து வைத்த கிரான் வேலைகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். அதைச் செய்கிற மனிதனுக்குப் பதினெட்டு மணி நேரமாகத் தூக்கம் இருக்காது. 2017 ஜனவரி 31 இரவு, நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் நடந்தது அதுதான். துணை டேட்டாபேஸ் சர்வரில் இருப்பதாக நினைத்துக்கொண்டு முதன்மை சர்வரில் அடைவை அழித்தார் ஒருவர். சட்டென்று நிறுத்தியும் ஏறத்தாழ 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. ஐந்து விதமாக பேக்கப் எடுக்க ஏற்பாடு இருந்தும், தேவைப்பட்டபோது எதுவும் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. கடைசியில் ஆறு மணி நேரத்துத் தரவு போயிற்று. அவர்கள் நேர்மையாக எல்லாவற்றையும் வெளியே எழுதியதால்தான் நமக்குத் தெரிகிறது. மூடி மறைத்தவர்கள் எத்தனையோ.

உங்கள் சர்வரின் அணுக்கப் பதிவை (யார், எப்போது வந்தார்கள் என்ற லாக்) நான்கு வாரத்துக்கு எடுத்து, மணிவாரியாக எண்ணிப் பாருங்கள். பள்ளம் எங்கே விழுகிறதோ அதுதான் உங்கள் நேரம். என் இடத்தில் அது விடிகாலை ஐந்தரை. தூங்கி எழுந்து வந்து செய்யலாம், ஏதாவது உடைந்தால் ரெண்டு மணி நேரத்தில் உதவிக்கு ஆட்களும் எழுந்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம்.

இன்னொன்று. பழைய சர்வரின் டெர்மினலுக்கு சிவப்பு, புதியதற்குப் பச்சை. சிரிக்காதீர்கள், செய்யுங்கள்.

#5 தளக்காரி | செவ்வாய், மாலை 4:20

நான் உங்கள் பக்கத்து ஆள் இல்லை, மறுபக்கம். சின்னத் தொழில், ஒரு தளம், அதில் ஒரு ஆர்டர் படிவம். தேடலில் வந்து இந்த இழையில் விழுந்தேன்.

ஏழு நாள் முன்னால் மடல் போட்டும் பன்னிரண்டு பேர் கேட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த மடலில் என்ன இருந்தது? எனக்கு வருகிற மடல்களைச் சொல்கிறேன். "கர்னல் பாதுகாப்புத் திருத்தங்கள் மற்றும் உள்கட்டமைப்பு மேம்பாட்டின் பொருட்டு" என்று தொடங்கி நாற்பது வரி. அதில் என் தளம் நிற்குமா, மடல் நிற்குமா, நான் ஏதாவது செய்ய வேண்டுமா என்ற மூன்றுக்கும் பதில் இருக்காது. கடைசி வரியில் "சிரமத்துக்கு வருந்துகிறோம்" மட்டும் தவறாமல் இருக்கும்.

போன வருடம் என் பழைய ஹோஸ்டிங் நிறுவனம் இப்படித்தான் ஒரு ராத்திரியில் பிஎச்பியை மாற்றியது. தளம் நன்றாகத்தான் திறந்தது, நானும் பார்த்துவிட்டுச் சரி என்று விட்டுவிட்டேன். படிவமும் "உங்கள் ஆர்டர் கிடைத்தது, நன்றி" என்று காட்டியது. மடல் மட்டும் எனக்கு வரவில்லை. ஒன்பது நாள். பத்தாவது நாள் ஒரு வாடிக்கையாளர் தொலைபேசியில் கத்தியபோதுதான் தெரிந்தது. அந்த நிறுவனத்தைக் கேட்டதற்கு, "எங்கள் பக்கம் எல்லாம் பச்சை" என்றார்கள்.

#6 வேர்ப்பயனர் | செவ்வாய், இரவு 9:10

பழைய_கன்சோல் அண்ணே, புது சர்வர்தான், முடிவு. நீட்ஸ்-ரீஸ்டார்ட்டிங் ஓட்டினேன். திரை மூன்று தடவை உருண்டது.

தளக்காரி அவர்களே, உண்மையைச் சொல்கிறேன், எங்கள் மடலும் கிட்டத்தட்ட நீங்கள் சொன்னதுதான். "உள்கட்டமைப்பு மேம்பாட்டின் பொருட்டு" அப்படியே இருக்கிறது. கீழே திருத்தி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

"வணக்கம். உங்கள் தளத்தையும் மின்னஞ்சலையும் புதன்கிழமை விடிகாலை 5 மணிக்குப் புதிய சர்வருக்கு மாற்றுகிறோம். தளம் அரை மணி நேரம்வரை திறக்காமல் போகலாம். அந்நேரத்தில் உங்களுக்கு வரும் மடல்கள் தொலையாது, தாமதமாக வந்து சேரும். கடவுச்சொல் மாறாது. காலையில் உங்கள் படிவத்தில் நீங்களே ஒரு சோதனைப் பதிவு செய்து, மடல் வருகிறதா என்று பார்த்து எங்களுக்கு ஆம் அல்லது இல்லை என்று பதில் போடுங்கள். பதில் வராதவர்களை மதியத்துக்குள் நாங்களே அழைப்போம்."

#7 தளக்காரி | செவ்வாய், இரவு 9:55

இது போதும். "அரை மணி நேரம்வரை" என்பதை "ஒரு மணி நேரம்வரை" என்று போடுங்கள். இருபது நிமிடத்தில் முடித்தால் உங்களைப் புகழ்வோம். முப்பத்தைந்து ஆனால் திட்டுவோம். வாடிக்கையாளர் புத்தி அது.

மடலின் தலைப்பிலேயே என் தளத்தின் பெயரைப் போடுங்கள். "முக்கிய அறிவிப்பு" என்று வந்தால் விளம்பரம் என்று நினைத்து யாரும் திறப்பதில்லை.

#8 அஞ்சல்குறி | புதன், காலை 8:45

"மடல்கள் தொலையாது" என்று எழுதிவிட்டீர்கள், அதைக் காப்பாற்றுவது எப்படி என்று சொல்கிறேன். சர்வர் மாற்றத்தில் பழியெல்லாம் தளத்தின் மேல் விழும், நிஜமாகத் தொலைவது மடல்தான்.

பலர் நினைப்பதற்கு நேர்மாறாக, மூடிய கதவில் மடல் தொலையாது. பழைய சர்வரில் மடல் வந்து சேரும் 25-ஆம் போர்ட்டை மூடிவிட்டால், அனுப்புகிற சர்வர் வரிசையில் வைத்துத் திரும்பத் திரும்பத் தட்டும். மடல் போக்குவரத்துக்கான எஸ்எம்டிபி நெறிமுறையே குறைந்தது நான்கைந்து நாள் முயற்சி செய்யச் சொல்கிறது. பழைய வீட்டுக் கதவைத் திறந்தே போட்டுவிட்டுப் போனால்தான் ஆபத்து. டிஎன்எஸ் (டொமைன் பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் பட்டியல்) இன்னும் புதுப்பிக்காத ஒருவர் அனுப்பிய மடல் பழைய சர்வருக்குப் போகும், அது பணிவாக வாங்கி வைத்துக்கொள்ளும், அனுப்பியவருக்கு "சேர்ந்தது" என்று பதில் போகும். வாடிக்கையாளர் புது சர்வரில் காத்துக்கொண்டிருப்பார். ஆகவே மாற்றுகிற நிமிடத்தில் பழைய எக்ஸிமை நிறுத்துங்கள். அதன் வரிசையில் அனுப்பப்படாமல் ஏதும் நிற்கிறதா என்று நிறுத்துமுன் பாருங்கள். மடல்கள் இருக்கும் மெயில்டிர் அடைவுகளைக் கடைசி முறையாகப் புது சர்வருக்கு ஆர்சிங்க் (மாறியதை மட்டும் நகலெடுப்பது) செய்யுங்கள்.

டிஎன்எஸ் டிடிஎல்லை (பதிலை எத்தனை நொடி நினைவில் வைக்கலாம் என்ற எண்) முன்கூட்டியே குறைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எப்போது குறைக்க வேண்டும் என்பதில்தான் கோட்டைவிடுவார்கள். இப்போது 86400 என்று இருந்தால், அதாவது ஒரு முழு நாள், முந்தைய மாலை 300 ஆக்கிப் பிரயோசனம் இல்லை. பழைய மதிப்பை ஏற்கெனவே வாங்கிவைத்தவர்கள் ஒரு நாள் அதையே பிடித்திருப்பார்கள். இரண்டு நாள் முன்பே குறைத்துவிடுங்கள்.

புது ஐபி என்றால் அதற்கு நற்பெயர் கிடையாது, முன்னால் குடியிருந்தவரின் கெட்ட பெயர்கூட இருக்கலாம். தடைப்பட்டியல்களில் இருக்கிறதா என்று வாடிக்கையாளரை ஏற்றுமுன் பாருங்கள். மடல் நிஜமாகவே உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் ரிவர்ஸ் டிஎன்எஸ், எஸ்பிஎஃப் பதிவில் புது ஐபி, டிகிம் சாவி மூன்றும் தயாராக இருக்கட்டும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் இதில் கறார். மொத்தமாக அனுப்புகிறவர்கள் இவற்றில் தவறும் மடலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க்கும் வைக்க வேண்டும்.

அல்மா 9-ன் இயல்பான அமைப்பில் இணைப்பை மறையாக்கும் டிஎல்எஸ்ஸின் பழைய பதிப்புகளான 1.0, 1.1 இரண்டும் கிடையாது. நல்லதுதான். ஆனால் விண்டோஸ் 7-ல் பழைய அவுட்லுக் வைத்திருப்பவர்களும், ஸ்கேன் செய்து நேராக மடலில் அனுப்புகிற பழைய பிரின்டர் வைத்திருப்பவர்களும் அன்று காலை உங்களை அழைப்பார்கள். மடலைப் படிக்கத் தரும் டவ்காட், அனுப்பும் எக்ஸிம் இரண்டிலும் டிஎல்எஸ் பதிப்பைப் பதிவு செய்யும்படி ஒரு வாரம் முன்பே வைத்தால், யார் யார் மாட்டப்போகிறார்கள் என்ற பெயர்ப்பட்டியல் உங்கள் கையில் இருக்கும்.

#9 நீலத்திரை | புதன், பிற்பகல் 1:30

சரி, சென்ட்ஓஎஸ் விஷயத்தில் தோற்றுவிட்டேன். ஆனால் புது சர்வரில் தானியங்கி அப்டேட்டை முழுதாகத் திறந்துவிடுவீர்களா? 2024 ஜூலை 19-ஐ நினைத்துப் பாருங்கள். பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரே ஒரு கோளாறான கோப்பு, 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் படுத்தன என்று மைக்ரோசாஃப்டே கணக்குச் சொன்னது. பாதுகாப்புக்காக வந்த அப்டேட்தான் அது. அதே ஆண்டு மார்ச்சில் கோப்பைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளின் 5.6.0, 5.6.1-ல் யாரோ திட்டமிட்டுப் பின்வாசல் வைத்தார்கள். எஸ்எஸ்எச் நுழைவு அரை நொடி தாமதமாகிறதே என்று மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ஆண்ட்ரஸ் ஃபிராயின்ட் தோண்டிப் பார்க்காமல் இருந்திருந்தால்? புதியதை முந்திக்கொண்டு இறக்கியவர்கள்தான் அதில் மாட்டினார்கள். நிலையான டெபியன், ரெட்ஹேட் பக்கம் அது வந்து சேரவே இல்லை.

#10 பழைய_கன்சோல் | புதன், இரவு 8:00

இந்த முறை தம்பியோடு முக்கால்வாசி ஒத்துப்போகிறேன். எல்லா சர்வரிலும் ஒரே நிமிடத்தில் எதையும் இறக்கக்கூடாது. நம்முடைய சொந்தத் தளம் இருக்கிற சர்வர் முதலில், ஒரு நாள் கழித்து மற்றவை. நம் கை சுட்ட பிறகு வாடிக்கையாளருக்குப் பரிமாறலாம்.

ஆனால் காத்திருப்பதற்கும் ஒரு எல்லை உண்டு. கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபேக்ஸின் கதை மறந்துவிட்டதா? அவர்கள் வைத்திருந்த அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற வலை மென்பொருளின் ஓட்டைக்கு 2017 மார்ச் 7-ல் திருத்தம் வந்தது. மே மாதம் உள்ளே புகுந்தார்கள். நடுவில் இரண்டு மாதம். சுமார் 14.7 கோடிப் பேரின் விவரம் போயிற்று. அங்கே யாரும் சோதித்துப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை, திருத்தச் சொல்லி உள்ளுக்குள் மடல் போயும் யாரும் திருத்தவில்லை. "சோதிக்கிறோம்" என்ற சொல் பல அலுவலகங்களில் "அப்புறம் பார்க்கலாம்" என்பதன் மரியாதையான வடிவம்.

என் வழக்கம்: பொதுவான அப்டேட்டுக்கு மாதம் ஒரு நாள், தேதியை வருடத் தொடக்கத்திலேயே வாடிக்கையாளருக்குக் கொடுத்துவிடுவேன், ரீபூட்டோடு. வெளியிலிருந்து கடவுச்சொல் இல்லாமல் நுழையக்கூடிய ஓட்டை என்றால் முன்னறிவிப்பு கிடையாது. அன்றே செய்துவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்று எழுதுவேன். இந்த விதிவிலக்கை ஒப்பந்தத்திலேயே எழுதிவையுங்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அனுமதி கேட்டு நிற்க முடியாது.

மாதா மாதம் ரீபூட் ஆகிற சர்வருக்கு ரீபூட் பயம் போய்விடும். 900 நாளைப் பெருமையாக மாட்டி வைக்கிற பழக்கம் நம் தலைமுறையோடு ஒழியட்டும். நானும் ஒரு காலத்தில் அப்படி ஒரு படத்தை எடுத்துச் சட்டம் போட்டு வைத்திருந்தேன், வேறு யாரையும் சொல்வானேன்.

அப்புறம், வாடிக்கையாளர்கள் ஏதோ ஒரு பாதுகாப்பு ஸ்கேனரின் அறிக்கையைக் கொண்டுவந்து "ஓப்பன்எஸ்எஸ்எச் 8.7, இது ஓட்டை" என்று நீட்டுவார்கள். ரெட்ஹேட் வகைக் குடும்பத்தில் பதிப்பு எண்ணை உயர்த்தாமல் திருத்தத்தை மட்டும் உள்ளே ஒட்டுவார்கள். பொட்டலத்தின் மாற்றப் பதிவில் அந்த ஓட்டையின் அடையாளமான சிவிஇ எண்ணைத் தேடி எடுத்து அப்படியே பதிலில் ஒட்டிவிடுங்கள். வாதாட வேண்டாம்.

#11 வேர்ப்பயனர் | வியாழன், காலை 10:15

பிஎச்பி 5.6 காரரிடம் பேசினேன். எழுதிக்கொடுத்தவரைத் தொடர்பு கொள்ள முடியவில்லையாம். நிரலைத் திறந்து பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் பழைய மைஎஸ்க்யூஎல் செயற்கூறுகள். பிஎச்பி 7.0-லேயே தூக்கிவிட்டார்களே, அவைதான். 5.6-க்கு ஆதரவு முடிந்தது 2018 டிசம்பர் 31. திரும்ப எழுதுவதுதான் வழி, அவருக்கு இப்போது வசதி இல்லை. துரத்திவிட மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

#12 இரவுப்பணி | வியாழன், காலை 11:00

தனி அறை. ஒரு சின்ன மெய்நிகர் சர்வர், அதில் அவர் மட்டும். வெளியே மடல் அனுப்ப அனுமதி கிடையாது. பதிவேற்ற அடைவில் பிஎச்பி ஓடக்கூடாது. நிர்வாகப் பக்கத்துக்கு வெளியே இன்னொரு பூட்டு. தளத்தில் எதுவும் மாறுவதே இல்லை என்றால் எல்லாப் பக்கங்களையும் நிலையான எச்டிஎம்எல்லாக எடுத்து வைத்துவிட்டு பிஎச்பியையே அணைத்துவிடலாம். பாதித் தளங்களுக்கு அதுவே போதும்.

அவரிடம் "உங்கள் தளத்துக்கு ஆபத்து" என்று சொன்னால் தோளைக் குலுக்குவார். "உங்கள் தளம் வழியாக யாராவது ஸ்பேம் அனுப்பினால், அதே ஐபியில் இருக்கிற அறுபது பேருக்கும் மடல் நின்றுபோகும்" என்று சொல்லிப் பாருங்கள். கெடு தேதியை எழுத்தில் வாங்குங்கள்.

#13 மூன்றுபைட் | வியாழன், இரவு 11:40

யாரும் டேட்டாபேஸைத் தொடவில்லையே, அதனால் எழுதுகிறேன். மரியாடிபி 5.5-லிருந்து அல்மா 9-ன் 10.5-க்குப் போகும்போது இரண்டு கண்ணி.

ஒன்று, 10.2.4-லிருந்து கண்டிப்பு முறை இயல்பாகவே போடப்பட்டிருக்கும். எண் வர வேண்டிய கட்டத்தில் வெற்றுச் சரத்தைக் கொடுத்தால் 5.5 ஒரு எச்சரிக்கையோடு 0 என்று போட்டுக்கொள்ளும். 10.5 பிழை என்று திருப்பி அனுப்பும். முகப்புப் பக்கம் அழகாகத் திறக்கும், படிவம் மட்டும் ஊமையாகிவிடும். தளக்காரி சொன்னது போன்ற "எல்லாம் பச்சை" கதைகளில் பாதி இதுவாகத்தான் இருக்கும்.

இரண்டாவது தமிழ்த் தளங்களுக்கு. தமிழ் யுனிகோடு குறி ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் மூன்று பைட். பழைய நிரல்கள் லத்தீன்1 (ரோமன் எழுத்துகளுக்கான பழைய குறியாக்கம்) என்று அறிவிக்கப்பட்ட அட்டவணைக்குள் இந்த பைட்டுகளை அப்படியே திணித்து வைத்திருக்கும். போடுகிறவரும் எடுக்கிறவரும் ஒரே பொய்யைச் சொல்வதால் திரையில் தமிழ் சரியாகத் தெரியும். நீங்கள் டம்ப் (டேட்டாபேஸின் முழு நகல்) எடுத்துப் புது சர்வரில் யுடிஎஃப்8எம்பி4 (யுடிஎஃப்-8-ன் முழு வடிவம்) இணைப்போடு ஏற்றும்போது பொய் வெளுத்துவிடும். தொப்பி போட்ட ரோமன் எழுத்துகளாகக் குப்பை தெரிந்தால் பதற வேண்டாம், பைட்டுகள் உள்ளே இருக்கின்றன, மீட்கலாம். அட்டவணைக்குள்ளேயே கேள்விக்குறியாக உட்கார்ந்துவிட்டால் அந்தப் பிரதியை மறந்துவிட்டு மூலத்துக்குத்தான் திரும்ப வேண்டும். திருத்த, அட்டவணையின் அந்த நெடுவரிசையை முதலில் பிளாப் (வெறும் பைட்டுகள்) வகையாக மாற்றி, பிறகு யுடிஎஃப்8எம்பி4 உரையாக மாற்றுங்கள். நேராக மாற்றினால் குப்பையை அழகாகச் சேமித்து வைப்பீர்கள். நகலில் செய்து பார்த்த பிறகுதான் அசலில்.

#14 வேர்ப்பயனர் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 7:20

முடிந்தது. மூன்று தொகுதியாகப் பிரித்து மாற்றினோம், முதல் தொகுதியில் எங்கள் சொந்தத் தளமும் தெரிந்தவர்கள் ஏழு பேரும். நேரம், விடிகாலை 5. இரவுப்பணி சொன்னதுபோல் பதிவை எண்ணிப் பார்த்தால் எங்களுக்கும் பள்ளம் அங்கேதான். டெர்மினல் நிறமும் மாற்றினேன். இரண்டாவது தொகுதியில் ஒருமுறை விரல் என்டர் மேலே இருந்தபோது சிவப்பு கண்ணில் பட்டது. அதற்கு மேல் சொல்லவில்லை.

உடைந்தவை. பிரின்டர் அழைப்பு வந்தது, ஒன்றல்ல மூன்று. அஞ்சல்குறி சொன்ன பட்டியல் கையில் இருந்ததால் இருவரை முதல் நாளே எச்சரித்திருந்தோம். மூன்றாமவர் பட்டியலில் இல்லை, மாதம் ஒருமுறைதான் ஸ்கேன் செய்வாராம். கண்டிப்பு முறையில் நான்கு படிவம் படுத்தது. சோதனைப் பதிவு கேட்டிருந்ததால் காலை ஒன்பதுக்குள் நான்குமே தெரிந்துவிட்டது. நாற்பத்தொரு பேர் பதில் போட்டார்கள், எனக்கே ஆச்சரியம். ஒரு கவிதைத் தளம் முழுக்கத் தொப்பி எழுத்தாக வந்தது, மூன்றுபைட் வழியில் ஒரு மணி நேரத்தில் மீண்டது. அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

யாரும் சொல்லாதது ஒன்று: ஐபிவி6, ஐபி முகவரியின் ஆறாம் பதிப்பு. டிஎன்எஸ்ஸில் நான்காம் பதிப்பு முகவரியை மட்டும் மாற்றிவிட்டு, ஆறாம் பதிப்புப் பதிவை மூன்று டொமைனில் மறந்துவிட்டோம். எங்கள் அலுவலக இணைப்பில் ஐபிவி6 இல்லை, எங்களுக்குப் புது தளம் தெரிந்தது, பார்வையாளர்களில் ஒரு பகுதிக்குப் பழையது தெரிந்தது. தளத்தின் பாதுகாப்பான இணைப்புக்கு லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு தரும் சான்றிதழின் புதுப்பிப்பும் அந்த மூன்றுக்கு மட்டும் தோற்றது, அவர்கள் ஐபிவி6-ஐத்தான் முதலில் தொடுவார்கள். மாற்றியதும் கையால் ஒரு புதுப்பிப்புச் சோதனை ஓட்டினதால் பிடிபட்டது. இல்லாவிட்டால் 90 நாள் சான்றிதழ் முடிகிற அன்றுதான் தெரிந்திருக்கும். 2025 ஜூனிலிருந்து நினைவூட்டல் மடலும் அவர்கள் அனுப்புவதில்லை.

5.6 காரர் தனி அறையில் இருக்கிறார். ஆறு மாதக் கெடுவுக்கு எழுத்தில் ஒப்புக்கொண்டார்.

#15 பழைய_கன்சோல் | ஞாயிறு, இரவு 8:05

நல்லது. பழைய சர்வரை அழித்தாயிற்றா?

#16 வேர்ப்பயனர் | ஞாயிறு, இரவு 8:30

இன்னும் இல்லை அண்ணே. அதன் அணுக்கப் பதிவில் எல்லோரும் ஓய்ந்துவிட்டார்கள், ஒரே ஒரு ஐபி மட்டும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்துகொண்டே இருக்கிறது. ஏதோ ஒரு வாடிக்கையாளரின் பழைய இணைப்பு என்று நினைத்து விட்டுவைத்திருக்கிறேன். யார் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

#17 இரவுப்பணி | ஞாயிறு, இரவு 8:41

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, தவறாமல்? உங்கள் கண்காணிப்பு ஸ்கிரிப்ட் டொமைன் பெயரைப் பார்க்கிறதா, ஐபியைப் பார்க்கிறதா?

#18 வேர்ப்பயனர் | ஞாயிறு, இரவு 9:20

ஐபியை.

பதினொரு நாளாக எனக்கு வந்த "எல்லாம் நலம்" எல்லாம் பழைய சர்வரைப் பற்றியது. இப்போதுதான் புதியதை நோக்கித் திருப்பினேன். திருப்பிய இரண்டாவது நிமிடம் முதல் எச்சரிக்கை வந்துவிட்டது: வட்டு 91 விழுக்காடு.

#19 பழைய_கன்சோல் | ஞாயிறு, இரவு 9:23

மாற்றத்துக்காக எடுத்த டம்ப் கோப்புகளா?

#20 வேர்ப்பயனர் | ஞாயிறு, இரவு 9:31

ஆமாம் அண்ணே. மூன்று தொகுதியும் அப்படியே கிடக்கிறது.